வலி ரெண்டு

நோவாவின் கப்பலில் ஏற நின்ற வரிசையை அட்ராக்டா டர்கன் கவனித்திருந்தால் டைனோசர்கள் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, யானையைக் கொஞ்சம் உட்காரச் சொல்லி, கரப்பானிடம் நாளைக்கு உன் டாக்டரைப் போய்ப் பார் என்று திருப்பி அனுப்பியிருப்பாள். சொர்க்க வாசலில் சாவிக்கொத்தோடு இருக்கும் இராயப்பர் டீ குடிக்கப் போனால், நாற்காலியை நம்பி விட்டுப்போக ஐரோப்பாவிலேயே அவள் ஒருத்திதான். அடிபட்டு வருகிறவன் கார் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே அவனை எடை போட்டுவிடுவாள். வேலையில் அவள் தப்பு பண்ணியதே கிடையாது.

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மையில்லை. மற்றதெல்லாம் உண்மை. இதை எழுதுகிறவனுக்கு அவள் அப்பாவோடு பிறந்த அத்தை என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ட்ரம்கீல் ஆஸ்பத்திரி. அதன் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் தெரிவது அட்ராக்டாவின் முகம். வருகிறவர்களுக்கு அவள் நிறம் கொடுப்பாள். சிவப்பு என்றால் இந்த நொடியே உள்ளே. ஆரஞ்சு என்றால் ஷூ கயிறு கட்டுகிற நேரத்தில். மஞ்சள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை என்றால் படிக்க ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா. நீலம் என்றால் நீ எதுக்குய்யா வந்தே. சட்டம் அப்படி. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் நிரம்பி, கட்டில் கிடைக்காதவர்கள் நடைபாதையில் வரிசையாக ட்ராலிகளில் படுத்திருக்கும் காலத்தில், மஞ்சளுக்கே தடித்த புத்தகமாக வேண்டும்.

நிறம் கொடுப்பதற்கு முன் அவள் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். வலி எவ்வளவு, சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. டவுன் பையன்கள் கணுக்கால் பிசகினால் பதினொன்று என்பார்கள். சதுப்பு நிலத்துப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரிந்த எண் ஒன்றுதான், ரெண்டு. வைக்கோல் கட்டும் மெஷினில் விரல்களைக் கொடுத்துவிட்டு, அவற்றை ரொட்டிப் பையில் போட்டுக் கொண்டுவந்த ஒருவர் வெகுநேரம் யோசித்து, "மூணுன்னு சொல்லலாம். ஆனா ரெண்டுன்னே போட்டுக்கோங்க" என்றாராம். சைபர் என்றால் பிறகு எதற்கு வந்தாய் என்பார்கள். மூன்று என்றால் அலட்டுகிறான் என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். எனவே ரெண்டு. இதற்காக அட்ராக்டா ஒரு சொந்தக் கணக்கு வைத்திருந்தாள். டவுன்காரன் சொன்னதில் பாதியைக் கழித்துவிடு, சதுப்பு நிலத்துக்காரன் சொன்னதோடு ஐந்தைக் கூட்டு. அந்தக் கணக்கு பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி மூட்டம் கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. மதியம் தாண்டியதும் ஃபெஸ்டி ரூவான் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், அக்கா கன்செப்டாவோடு மாடு வளர்த்துப் பிழைக்கிறவர். கோயிலில் இடமிருந்தாலும் உட்காராமல் பின்சுவரோரம் நிற்கிற ரகம். அன்றைக்கு நீலநிற சூட்டும் டையும் போட்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, முகம் மழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்.

"என்ன ஃபெஸ்டி, பொண்ணு பார்க்கக் கெளம்பிட்டீங்களா?"

"பார்த்துட்டேன் நர்ஸம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கு. வயசுதான் கொஞ்சம் கூட."

"வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. காலைல இரும்புக் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு காளைக் கன்னு லேசா மேல சாஞ்சுடுச்சு. கன்செப்டா தொணதொணன்னு உயிரை எடுத்தா. அவ வாயை அடைக்கத்தான் வந்தேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். லேசாத்தான்."

லேசாகச் சாய்ந்தது என்னவென்று அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அறுநூறு கிலோ மாடு அவரை இரும்புக் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து நசுக்கியிருக்கிறது. எழுந்திருக்கவே வெகுநேரம் ஆகியிருக்கிறது. எழுந்தவர் ஆஸ்பத்திரிக்கா வந்தார்? மிச்ச மாடுகளுக்குத் தீனி போட்டு, கேட்டைச் சங்கிலி போட்டுக் கட்டி, வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்துக் குளித்திருக்கிறார். சாணியும் சேறுமாக ஆஸ்பத்திரிக்குப் போவதா, மானம் என்ன ஆவது. ரத்தம் பட்ட சட்டை, கிழிந்த ஸ்வெட்டர், விலா மேல் அப்பியிருந்த சேறு, ஒரு நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் பதறியிருக்க வேண்டிய எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"வலி எவ்வளவு?"

"ரெண்டு."

அவள் மனசுக்குள் ஐந்தைக் கூட்டினாள். பிறகு பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் கம்மி, பயப்படும்படி இல்லை. நாடியைப் பிடித்தாள். உள்ளுக்குள் எங்காவது ரத்தம் கசிந்தால் முதலில் நாடிதான் ஓட ஆரம்பிக்கும். ஃபெஸ்டியின் நாடி ஞாயிற்றுக்கிழமைப் பகல் மாதிரி நிதானமாக நடந்துகொண்டிருந்தது. சட்டைக்கு மேலே இடது விலாவுக்குக் கீழ் அழுத்தினாள்.

"விறைப்பா இருக்கே."

"சட்டை டைட்டு. கன்செப்டா வெந்நீர்ல போட்டுச் சுருக்கிட்டா."

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"தலைவலிக்குக்கூடப் போட்டதில்ல."

அட்ராக்டா மஞ்சள் கொடுத்தாள்.

அவளுடைய சொந்தக் கணக்குப்படி ஆரஞ்சு. கையில் பிடித்த நாடிப்படி பச்சை. நடுவில் மஞ்சள். பயிற்சிக்கு வரும் எந்தப் பெண்ணும் இதைத்தான் கொடுப்பாள், பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்குவாள்.

காத்திருக்கும் கூடம் நிரம்பி வழிந்தது. பனி மூட்டத்தில் மோதிய கார்கள், வழுக்கி விழுந்த கிழவிகள், முந்தின நாள் குடித்ததற்கு இன்றைக்கு வருத்தப்படுகிறவர்கள். வெளியே ஆம்புலன்ஸ்கள் நோயாளியை இறக்க ட்ராலி இல்லாமல் இன்ஜினை அணைக்காமல் நின்றன. சூடான் நாட்டு டாக்டர் முஸாப், அன்றைய பகலுக்கு இருந்த ரெண்டு டாக்டர்களில் ஒருவர், கதவைத் திறந்து ஃபெஸ்டஸ் ரூவான் என்று கூப்பிட்டார். ஃபெஸ்டி கையைக் காட்டினார், பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் பக்கம்.

"புள்ளைய மொதல்ல பாருங்க டாக்டர். எனக்கு அவசரம் இல்ல."

கூடமே அவரை மரியாதையோடு பார்த்தது. டாக்டர் முஸாப் ஊருக்குப் புதுசு. அவசரம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அவசரம் இல்லை என்று நினைக்கிறவர். அடுத்த முறை பெயர் வந்தபோது ஃபெஸ்டி மணிக்கட்டு ஒடிந்த ஒரு பாட்டியை அனுப்பினார். அதன் பிறகு தன் நாற்காலியையும் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டு, காற்று வாங்கப் போகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டார். இதையெல்லாம் யாரும் அட்ராக்டாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. நல்ல மனுஷன், விட்டுக்கொடுக்கிறார்.

காத்திருக்கிறவர்களை நடுநடுவே சுற்றிவந்து பார்ப்பது அட்ராக்டாவின் பழக்கம். கத்துகிறவர்களைத் தாண்டிப் போவாள். கத்துவதற்கு மூச்சு வேண்டும், மூச்சு இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான். சத்தம் போடாதவர்களிடம்தான் நிற்பாள். அன்றைக்கு ஃபெஸ்டியின் நாற்காலியில் கர்ப்பிணி இருப்பதைப் பார்த்ததும் வாசலுக்குப் போனாள். அவர் சுவரில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டார். ஒரு கொட்டாவி முடிவதற்குள் அடுத்தது வந்தது.

"ராத்திரி தூங்கலையா ஃபெஸ்டி?"

"நல்லாத் தூங்கினேன். தாகமா இருக்கு, அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?"

காது மடல் மெழுகு நிறத்தில் இருந்தது. அந்தக் குளிரில் மேலுதட்டில் வியர்வை. கையைத் தொட்டாள், சந்தையில் ஐஸ் மேல் கிடக்கும் மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. நாடி அப்போதும் நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"ஜார்லத், ட்ராலி."

ஜார்லத் ட்ராலி தள்ளுகிறவன், முப்பது வயசு, வாய் ஓயாதவன். "ட்ராலியா? புதுசா ஒண்ணு செய்யச் சொல்லட்டுமா? எல்லாத்துலயும் ஆள் படுத்திருக்கு."

அவள் நடைபாதையின் முதல் ட்ராலியில் படுத்திருந்த ஒருவனைத் தட்டி எழுப்பினாள். முந்தின இரவு நடனத்தில் கால் சுளுக்கியவன்.

"எந்திரி."

"எனக்கு வலி பதினொண்ணு."

"பதினொண்ணையும் தூக்கிகிட்டு அந்த நாற்காலிக்குப் போ."

உயிர்காப்பு அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். டாக்டர் முஸாப் ஓடிவந்தார். ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, இரண்டு கைகளிலும் இருப்பதிலேயே தடித்த ஊசிகளை ஏற்றி, அட்ராக்டா பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். உடம்பு முழுவதையும் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது. கழற்றுகிறேன் என்று புரட்டினால் உள்ளே உறைந்து நிற்கிற ரத்தமும் உடைத்துக்கொள்ளும்.

"சூட்டை வெட்டாதே அட்ராக்டா." நர்ஸம்மா என்று கூப்பிடுவது போய்விட்டிருந்தது. "இன்னும் ஒரு தடவை போட்டுக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் வெட்டினாள். காலரிலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. இடது விலா நெடுக, இரும்புக் கேட்டின் கம்பிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கருநீலத்தில் பதிந்திருந்தன. கோட்டின் உள்பாக்கெட்டிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. நாடியை ஓடவிடாமல் அடக்கிவைக்கிற மாத்திரை.

"மாத்திரை சாப்பிடறதில்லன்னீங்க."

"இது மாத்திரை இல்லம்மா. பிரஷருக்கு."

டாக்டர் முஸாப் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். கறுப்பே தெரியக்கூடாத இடத்தில் திரை கறுப்பாக இருந்தது. மண்ணீரல் பிளந்து, வயிற்றுக்குள் மனுஷன் காலையிலிருந்து கசிந்துகொண்டிருந்திருக்கிறார். கிழித்துத் தைக்க ஒரு அறுவை சிகிச்சை டாக்டர் வேண்டும். சனி ஞாயிறுகளில் ட்ரம்கீலில் அப்படி ஒருவர் கிடையாது. சேவையை மேம்படுத்துவதற்காக அந்தப் பிரிவை நகரத்துக்கு மாற்றிவிட்டதாக வாசலிலேயே ஒரு பலகை இருக்கிறது, சிரிக்கும் குடும்பத்தின் படத்தோடு.

ஹெலிகாப்டர் கேட்டார்கள். பனி மூட்டத்தில் ஏறாது என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ் கேட்டார்கள். எல்லாம் வாசலில்தான் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் இறக்க இடமில்லாத ஒரு நோயாளியோடு. ஜார்லத் ஓடிப்போய் ஒரு வண்டியிலிருந்த கிழவரைப் போர்வையோடு தூக்கிவந்து நர்ஸ்கள் டீ குடிக்கும் அறை சோபாவில் படுக்க வைத்தான். அதற்குள் பிளட் பேங்க் குளிர்ப்பெட்டியில் யாருக்கும் ஒத்துப்போகும் ரத்தம் தீர்ந்துவிட்டது. ஃபெஸ்டியின் பிரஷர் படி இறங்கியது. ஒன்றைச் சமாளிப்பதற்குள் இன்னொன்று. அட்ராக்டா போர்வை மேல் போர்வையாகச் சுற்றினாள். குளிர்ந்த ரத்தம் உறையாது, உறையாத ரத்தம் நிற்காது.

ஆம்புலன்ஸில் அவளும் மயக்க மருந்து டாக்டர் ஒருவரும் ஏறினார்கள். நகரம் ஒன்றரை மணி நேரப் பாதை, அன்றைய பனிக்கு இன்னும் கூட. அவள் முழங்காலிட்டு, கடைசியாக மிஞ்சிய ரத்தப் பையைக் கைகளால் பிழிந்து பிழிந்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். பழைய கல் பாலம் தாண்டியதும் ஃபெஸ்டி கண் திறந்து அவளைப் பார்த்தார். "வலியே இல்ல அட்ராக்டா" என்றார். "நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்ட. யாரா இருந்தாலும் மஞ்சள்தான் குடுத்திருப்பாங்க." அதன் பிறகு கொஞ்ச தூரத்தில் இதயம் நின்றது. நகரம் வருகிற வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனார்கள். அங்கே வாசலில் காத்திருந்த டாக்டர்கள் ஒருமுறை பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போதும் என்றார்கள்.

வந்த ஆம்புலன்ஸுக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்து போய்விட்டது. டாக்டர் யாரோ ஒரு நண்பர் காரில் போனார். அட்ராக்டா சீருடைக்கு மேல் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே பாலிஷ் போட்ட ஷூவும் துண்டுதுண்டான ஒரு சூட்டும்.

"கடைக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

"ஆமா."

"தள்ளுபடில நல்லதா ஏதாவது கெடைச்சுதா?"

"இல்ல."

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கன்செப்டாவைப் பார்க்கப் போனாள். கன்செப்டா அழவில்லை. டீ போட்டாள், ரொட்டி வெட்டினாள், வந்தவளை உட்கார வைத்தாள்.

"அவனுக்குப் போட்டுவிட சூட்டு வேணும் அட்ராக்டா. பெட்டி செய்யறவர் கேட்டுகிட்டே இருக்கார்."

"வெட்டிட்டேன் கன்செப்டா."

"எதை?"

"சூட்டை. முழுசா."

கன்செப்டா பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து விரலால் நீவிப் பார்த்தாள். "தைக்க முடியாதா?"

"முடியாது."

"அவன்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

கடைசியில் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் ஸ்வெட்டரைத் துவைத்துக் கிழிசலைத் தைத்து அதைத்தான் போட்டார்கள். அடக்கத்தன்று ஊரே வரிசையில் நின்று அக்காவின் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னது. அந்த வரிசையில் அட்ராக்டாவும் நின்றாள். முன்னாலும் பின்னாலும் ஒரே பேச்சு. தானே கார் ஓட்டிட்டுப் போனாராம். தன் முறையை ரெண்டு பேருக்கு விட்டுக் கொடுத்தாராம். நாற்காலியைக்கூட. கடைசி வரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை. பாதிரியார் அதையே பீடத்தில் நின்று இன்னும் அழகாகச் சொன்னார். வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும், போனால் இப்படிப் போக வேண்டும். சதுப்பு நிலத்து ஆண்கள் எல்லோரும் பின்சுவரோரம் நின்று தலையாட்டினார்கள். அத்தனை தலைகளையும் அட்ராக்டா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடு முட்டினால் குளிக்காமல் அப்படியே வாருங்கள் என்று ஒரு பலகை வைக்கலாமா என்று ஆஸ்பத்திரி மேலாளரிடம் கேட்டாள். குளிக்காமல் என்ற சொல் வருகிறவர்கள் மனதைப் புண்படுத்தலாம் என்று குழுவுக்கு அனுப்பினார்கள். குழு இன்னும் கூடவில்லை.

அடுத்த மாதமே ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். டிராக்டரிலிருந்து லேசாக இறங்கினாராம், தலைகீழாக. வலி ரெண்டு. அவள் ஆரஞ்சு கொடுத்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு டை கட்டி வந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சுதான். ஜார்லத் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"எல்லாருக்கும் ஆரஞ்சு குடுத்தா, ஆரஞ்சும் மஞ்சள் மாதிரிதானே காத்துக் கெடக்கணும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் குடுக்கற?"

அவள் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இதுவரை எழுதியதை அத்தை சமையலறையில் நின்றபடியே படித்தாள். நோவா வந்த இடத்தில் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்த தாளை மட்டும் தனியே உருவினாள்.

"ஃபெஸ்டி என்கிட்ட இதைச் சொன்னாரா?"

"சொல்லியிருப்பார்ல அத்தை."

"மயக்க மருந்து டாக்டர் வண்டியில எதுக்கு ஏறினார்னு நெனைச்ச? வேடிக்கை பார்க்கவா? கெளம்பறதுக்கு முன்னாடியே தொண்டைக்குள்ள குழாயை விட்டு, மருந்து குடுத்துத் தூங்க வெச்சாச்சு. வழி முழுக்க மெஷின்தான் அவருக்கு மூச்சு விட்டுச்சு. குழாய் போட்ட மனுஷன் எப்படிடா கண்ணைத் தெறந்து பேசுவான்?"

"குழாயை மறந்துட்டேன்."

"மறக்கல. நான் சொன்னப்ப வாயைப் பொளந்துகிட்டுக் கேட்ட. தெரிஞ்சேதான் விட்டிருக்க."

கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியது. அத்தை டீ போடவில்லை.

"குழாய் போடறதுக்கு முன்னாடி சொன்னதுதான் அவர் கடைசியாச் சொன்னது. தொந்தரவு குடுத்துட்டேன்னார். அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாயைத் தெறக்கறதுக்குள்ள மருந்து உள்ள போயிடுச்சு." தாளை எழுதினவன் பக்கம் தள்ளினாள். "இந்தப் பொய் யாருக்காக? எனக்காகன்னா வேணாம்டா. அடிச்சுடு."